உப்புக்காற்றில் மஞ்சள் ரோஜா: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி-பதில்

கடலோரத்தில் ரோஜா வளராது என்கிறார்களே, உண்மையா?

வளரும். தொண்டி முதல் கீழக்கரை வரை, பாம்பன் தாண்டி ராமேசுவரம் தீவு வரை வெயிலும் மண்ணும் ரோஜாவைப் பெரிதாகத் தடுப்பதில்லை. செடியைக் கொல்வது தண்ணீரில் கரைந்து வரும் உப்பு. பூச்செடிகளில் உப்பைத் தாங்கும் அரளி, காகிதப்பூ வரிசையில் ரோஜாவைச் சேர்க்கவே முடியாது. அதனால் எத்தனை தொட்டி வைக்க மொட்டைமாடியில் இடமிருக்கிறது என்று பார்க்காதீர்கள். எத்தனை தொட்டிக்கு நல்ல தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு தொட்டிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு குடம், அதாவது 13 முதல் 15 லிட்டர் வேண்டும். அது கிடைக்காத வீட்டில் இரண்டு தொட்டியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் ரோஜாவுக்கு ஆகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாக்கை நம்ப வேண்டாம். பழகிப்போன நாக்குக்கு உவர்ப்பு தெரியாது. பேனா அளவில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். அளவு 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 500 முதல் 900 வரை என்றால் தொட்டியை அடிக்கடி நல்ல தண்ணீரால் அலசினால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் ரோஜாவுக்கு வேண்டாம்.

"குடிக்கவே செய்கிறோம், செடிக்கு ஆகாதா?" என்று பலர் கேட்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 500 வரை விரும்பத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. மனிதர் குடித்துத் தாங்கும் தண்ணீரில் ரோஜா கருகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 1500 டி.டி.எஸ். என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. தினம் இரண்டு லிட்டர் ஊற்றினால் 3 கிராம், மாதத்துக்கு 90 கிராம். செடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. தரையாக இருந்தால் மழை கீழே இழுத்துச் செல்லும். தொட்டிக்கு அந்த வசதி இல்லை.

ஒருமுறை அளந்துவிட்டு இருந்துவிடாதீர்கள். தை மாதத்தில் 400 காட்டிய கிணறு ஆனியில் 1200 காட்டும். ராமேசுவரம் தீவின் மணல் பகுதிகளில் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைவாக இருப்பதால், அதன் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமில்லாத கிணற்றில் மேலாக இறைத்தால் நல்ல தண்ணீர். அதே இடத்தில் ஆழ்துளை போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் கீழிருக்கும் உப்புநீர் ஏறிவிடும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

முதலில் மழை. நம் பக்கம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து முடிந்துவிடும் என்பதால் சேமித்தால்தான் உண்டு. நூறு சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் சேரும். ஒரு நல்ல மழை நாளில் 500 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். அது நான்கு தொட்டிக்கு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். கடலோர வீடுகளில் கூரையின் மேல் உப்புத்தூசி படிந்திருக்கும். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காமல் ஓடவிடுங்கள். டிரம்மை வலைத்துணியால் கட்டி மூடாவிட்டால் கொசு வளர்ப்பதாகிவிடும்.

ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். கோடையில் ஒரு வாளி சேரும், அதுவும் சரியாகத் தேவைப்படும் மாதத்தில். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அதுவே போதும். ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீர் ஆகும், கழிவுத் தண்ணீர் ஆகவே ஆகாது. வீணாகிறதே என்று அந்தக் கழிவுநீரைச் செடிக்குத் திருப்பிவிடுவது இந்த ஊர்களில் ரோஜா சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. உள்ளே போன உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வெளியே வருகிறது.

புளோரிபண்டா என்றால் என்ன? பட்டன் ரோஸ்தானா?

இல்லை. பட்டன் ரோஸும், கடைகளில் காஷ்மீர் ரோஸ் என்று விற்பதும் குட்டிப் பூக்கள். பெரும்பாலும் மணம் இருக்காது. பன்னீர் ரோஜா மணக்கும், ஆனால் இளஞ்சிவப்பு. பூங்கொத்துக் கடையில் நீண்ட காம்பில் ஒற்றையாக நிற்பது ஹைபிரிட் டீ வகை. புளோரிபண்டா இவற்றுக்கு நடுவில் நிற்பது. இரண்டரை முதல் மூன்றடி உயரச் செடி, ஒரு கிளை நுனியில் ஐந்து முதல் பத்து மொட்டு வரை கொத்தாக வரும், பூ மூன்று அங்குலம் இருக்கும். டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குட்டிக்கொத்து ரோஜாவையும் ஹைபிரிட் டீயையும் கலந்து உருவாக்கிய வழி இது. சின்ன இடத்துக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம், ஒரு பூ காற்றில் உதிர்ந்தாலும் கொத்தில் மற்றவை மிஞ்சும் என்பதே.

மணமுள்ள மஞ்சள் ரகம் எது?

உலக அளவில் பெயர்பெற்றவை மூன்று. ஆர்தர் பெல், 1965-இல் ரோஜா உருவாக்குநர் மெக்ரெடி வெளியிட்டது. மணம் பலம், ஆனால் மஞ்சள் விரைவில் வெளுத்து வெண்ணெய் நிறமாகும். ஜெர்மனியின் கோர்டெஸ் 1970-களில் தந்த கொரேசியா, சன்ஸ்பிரைட், ஃப்ரீசியா என்று மூன்று பெயரில் விற்கும் ஒரே செடி. நிறம் ஓரளவு நிற்கும், மணமும் உண்டு. மூன்றாவது ஜூலியா சைல்டு, அமெரிக்காவில் புது ரோஜா ரகங்களுக்குத் தரப்பட்ட ஏ.ஏ.ஆர்.எஸ். விருதை 2006-க்குப் பெற்றது. வெண்ணெய் மஞ்சள், சோம்பை நினைவூட்டும் மணம்.

இந்தப் பெயர்களைச் சொல்லி உள்ளூர் நர்சரியில் கேட்டால் "மஞ்சள் ரோஸ் இருக்கு" என்ற பதில்தான் வரும். ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வரும் செடிகளில் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் நம்புவதற்கில்லை. பூத்திருக்கும் செடியையே காலை எட்டு மணிக்குள் போய் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மதியம் முகர்ந்தால் மணக்கும் ரகமும் மணக்காததாகத் தெரியும்.

செடி வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஒட்டு. மண்ணிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் தண்டு முடிச்சிட்டது போல இருக்கும், காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தை இணைத்த இடம்தான் ஒட்டு. அதற்கு மேல் குறைந்தது இரண்டு தடித்த பச்சைக் கிளைகள் வேண்டும். நடும்போது அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். புதைந்தால் ஐப்பசி மழையில் அழுகும். பிறகும் ஒட்டுக்குக் கீழே எது முளைத்தாலும் அது தாய்வேரின் காட்டுச்செடி. கத்தரிக்காமல், பிறந்த இடத்தோடு பிய்த்து எடுங்கள். "மஞ்சள் வாங்கினேன், சிவப்பாகப் பூக்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

மார்கழி பாதியிலிருந்து மாசிக்குள் வாங்குவது நல்லது. பங்குனி, சித்திரையில் வாங்கினால் மலைக்காற்றில் வளர்ந்த செடி ஒரே வாரத்தில் வாடும். எப்போது வாங்கினாலும் பத்து நாள் பாதி நிழலில் வைத்த பிறகே வெயிலுக்கு நகர்த்துங்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி, என்ன மண்?

மேல்வாய் 14 அங்குலம், ஆழம் 14 அங்குலம், ஏறக்குறைய 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவு. இதைவிடச் சின்னது என்றால் கோடையில் ஒரே நாளில் காய்ந்து, இருக்கும் உப்பு செறிவேறி வேரைச் சுடும். அடியில் விரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் வேண்டும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தோடு ஒட்டி இருந்தால் வடியாது, மதியச் சூடும் நேராக வேருக்கு ஏறும். கறுப்பு நிற வளர்ப்புப் பை மொட்டைமாடியில் வேண்டாம். வெள்ளைப் பையோ மண்தொட்டியோ தேவலை.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒன்றரைப் பங்கு, அலசிய தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு, ஆற்றுமணல் அரைப் பங்கு. தொட்டிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. கடற்கரை மணல் ஒரு பிடி கூட வேண்டாம். அதில் உப்போடு சிப்பித்தூளும் இருப்பதால் மண்ணின் காரத்தன்மை ஏறும். ரோஜாவுக்கு மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 6 முதல் 6.5 வரை இருப்பது நல்லது.

நார்க்கழிவை "அலசிய" என்று சொன்னது சும்மா இல்லை. உப்பங்கழியில் ஊறிய மட்டையின் கழிவு என்றால் உப்பு உள்ளேயே இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள்; 500-க்குள் இறங்கும்வரை மறுபடி அலசுங்கள், பொதுவாக மூன்று நான்கு முறை ஆகும். கடைசி ஊறலில் லிட்டருக்கு 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு விட்டால் நாரில் ஒட்டிய சோடியமும் இடம் விட்டுப் போகும். பிறகு ஒரு முறை வெறும் தண்ணீர்.

வீட்டில் எந்தப் பக்கம் வைப்பது?

காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழும் கிழக்குப் பக்கம். பதினொரு மணிக்கு மேல் நிழல் வந்தால் பங்குனி முதல் ஆவணி வரை செடிக்கு நல்லதே.

காற்றைப் பொறுத்தவரை உங்கள் ஊர் எந்தக் கடலைப் பார்த்திருக்கிறது என்பது முக்கியம். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று உப்பைச் சுமந்து வரும். தேவிபட்டினம், தொண்டி பாக் நீரிணைப் பக்கம். அங்கே உப்பு ஐப்பசிக்குப் பிறகு வாடையோடு வரும், ஆடிக் காலத்துக் கச்சான் காற்று தரைமேல் வந்து வறட்டும். ராமேசுவரம், பாம்பன்காரர்களுக்கு இரண்டும் உண்டு. உப்பு வரும் திசையில் 50 சதவீத நிழல்வலையை செடியிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளிக் கட்டுங்கள். தகரத் தடுப்போ சுவரோ காற்றை நிறுத்துவதில்லை. மேலேறி மறுபக்கம் சுழன்று விழச் செய்யும். வலை காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைக்கும். தரையில் இடமிருந்தால் பூவரசு, நொச்சி வரிசை இன்னும் நல்லது.

உப்புக்காற்று மாதங்களில் வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மாலையில் வேண்டாம், ஏன் என்பது இலையில் வரும் பூசண நோயான கரும்புள்ளி பற்றிய கேள்வியில் வரும்.

தண்ணீர் எவ்வளவு, எப்போது?

தை, மாசியில் தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு, அக்கினி நட்சத்திரத்தில் மூன்று வரை. காலையில் ஊற்றுங்கள். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள். வாடல் எல்லாம் தாகம் இல்லை, உப்பேறிய மண்ணிலும் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் செடி வாடும். அடியில் கொஞ்சம் வடியும்படி ஊற்றினால்தான் உப்பு வெளியேறும். சிக்கனம் என்று தினம் அரை லிட்டர் தெளிப்பது உப்பை மண்ணிலேயே பூட்டி வைப்பதாகும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை உப்புக் கழுவல். தொட்டியின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு நல்ல தண்ணீர், 20 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர். முதலில் பாதி, அரை மணி நேரம் கழித்து மீதி. வடிவதைத் தட்டில் பிடித்து மீட்டரால் பாருங்கள். ஊற்றியதைவிட மூன்று மடங்குக்கு மேல் காட்டினால் அடுத்த வாரமே இன்னொரு கழுவல் தேவை. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கரைத்து உள்ளே தள்ளாமல் முதலில் சுரண்டி எறியுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை வானம் இலவசமாகச் செய்யும், தொட்டியைத் திறந்த வெளியில் வைத்தால் போதும்.

மேல் மண்ணைக் காய்ந்த பனையோலைத் துண்டுகளாலோ அலசிய மட்டையாலோ இரண்டு அங்குலம் மூடி வைத்தால் தண்ணீர் கணிசமாக மிஞ்சும்.

இலை ஓரம் கருகுகிறது. சில சமயம் இலையே மஞ்சளாகிறது. எது எதனால்?

முதிர்ந்த இலைகளின் ஓரமும் நுனியும் காய்ந்த ஓலை நிறத்தில் கருகி, உள்பக்கம் பச்சையாக இருந்தால் உப்பு. உரம் போடுவதை நிறுத்தி, கழுவல் செய்யுங்கள். பிறகு தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜிப்சம் மேலாகக் கிளறி, மறுபடி தண்ணீர் வடியவிடுங்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளும்; தள்ளியதை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும், ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை.

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையால் கரையாது. ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் ஒரு லிட்டரில் கரைத்து, இருட்டுமுன் இலை காய்ந்துவிடும்படி மாலைத் தொடக்கத்தில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. மண்ணில் இட வேண்டுமானால் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்பு கேட்டு வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. வகை நம் கார மண்ணில் சீக்கிரம் செயலிழக்கும். கீழ் இலைகள் மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் நீர் தேங்கியிருக்கும், அல்லது தழைச்சத்துக் குறை.

என்ன உரம்? மீன் கழுவிய தண்ணீர், முட்டை ஓடு போடலாமா?

ஊருக்கு ஊர் ரோஜாக் குறிப்பு மாறும் என்பதை மறந்து இணையத்தில் படித்ததை எல்லாம் போட்டுவிடுகிறார்கள். முட்டை ஓடும் சாம்பலும் அமில மண்ணுக்கானவை. சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணில் அவை உதவாது. சீமைக்கருவேல் சாம்பல் கெடுதலே செய்யும். எலும்புத்தூளும் பி.எச். 7-ஐத் தாண்டினால் கரையாமல் கிடக்கும். கடல்மீன் கழுவிய முதல் தண்ணீரில் உப்பு உண்டு, பூனையும் காக்கையும் தொட்டியைக் கிளறும். கருவாடு ஊறிய தண்ணீர் நஞ்சு என்றே வையுங்கள்.

மீனை விட வேண்டியதில்லை. மீன் கழிவை இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, அதே எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து, மூடிய வாளியில் நிழலில் ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம் தயார். லிட்டருக்கு 5 மில்லி, மாதம் இரண்டு முறை. மண்டபம் பக்கம் வளர்க்கும் கப்பாஃபைகஸ் கடற்பாசியின் சாற்று உரமும் கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி மாதம் ஒருமுறை இலையில் தெளிக்கலாம். கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி நேராகப் போடுவது உப்பைச் சுமந்து வருவதாகும்.

அடிப்படை உணவுக்கு, மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் தொட்டிக்கு 5 கிராம் அம்மோனியம் சல்பேட்டும். பின்னது தழைச்சத்தோடு காரத்தையும் சற்றுக் குறைக்கும். மொட்டு வரும்போது சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 5 கிராம். சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்புப் பொட்டாஷ் குளோரைடு வகை. உள்ளூர்த் தண்ணீரிலேயே குளோரைடு வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது. எந்த உரமும் ஈர மண்ணில்தான்.

கவாத்து எப்போது?

தமிழ்நாட்டுக் குறிப்புகளில் அக்டோபர் முதல் டிசம்பர் என்று இருக்கும். கடலோரத்தில் அக்டோபரில் வெட்டினால் வெட்டுவாய் மழையில் நனைந்து, நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்கும் பின்கருகல் வரும். மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு உயரம் மட்டும்; நம் வெப்பத்தில் ரோஜா உறங்குவதில்லை என்பதால் குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து முழங்காலளவுக்கு வெட்டக் கூடாது. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு குழம்பு தடவுங்கள். 45 நாளில், தை நடுவில் பூ. ஆவணியில் இன்னொரு மென்கவாத்து செய்தால் மழைக்கு முன் ஒரு சுற்றுப் பூ எடுக்கலாம்.

கொத்தில் நடுமொட்டு முதலில் விரியும். அதைப் பட்டாணி அளவில் கிள்ளிவிட்டால் மற்றவை ஏறக்குறைய ஒன்றாக விரியும். வாடிய கொத்தை, கீழே முதல் ஐந்திலைக் கணுவுக்கு மேல் வெட்டுங்கள்.

மொட்டு விரியாமல் பழுப்பாகிறது, தளிர் சுருள்கிறது.

இலைப்பேன். மிளகாயைத் தாக்கும் அதே கூட்டம். முண்டு மிளகாய் வயல்கள் காயும் மாசி, பங்குனியில் வீட்டுச் செடிகளுக்கு வந்துவிடும். மொட்டை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், இழை போன்ற பூச்சி ஓடும். மஞ்சளும் வெள்ளையும்தான் அதற்கு மிகவும் பிடித்த பூக்கள். கெட்ட மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். நீல ஒட்டும் அட்டை இரண்டு தொட்டிக்கு ஒன்று. வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை, வெயில் சாய்ந்ததும், இருட்டுமுன் இலை காய்ந்துவிடும்படி. தெளிக்கும் தண்ணீரும் உப்பில்லாததாக இருக்கட்டும். உவர்நீரில் சோப்பு திரிந்து எண்ணெய் பிரிந்து இலையைச் சுடும்.

இலையின் அடியில் நூலாம்படையும் மேலே ஊசிப்புள்ளியும் இருந்தால் அது சிவப்புச் சிலந்தி. அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும்.

கரும்புள்ளி ஏன் மஞ்சள் ரோஜாவையே குறிவைக்கிறது?

வம்சம் அப்படி. இன்றைய ஆழ்ந்த மஞ்சள் ரோஜாக்களுக்கு நிறம் வந்தது பாரசீகப் பக்கத்து ஃபெடிடா இனத்திலிருந்து. பிரான்சின் ரோஜா உருவாக்குநர் பெர்னே-டுஷே அதைக் கலந்து 1900-இல் சோலெய் தோர் ரகத்தை வெளியிட்டார். நிறத்தோடு நோய்க்கு இடங்கொடுக்கும் குணமும் சேர்ந்து வந்துவிட்டது.

இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் பூசண வித்து உள்ளே இறங்கிவிடும். மாலையில் இலையை நனைக்க வேண்டாம் என்றது அதனால்தான். மழை மாதங்களில் தொட்டிகளுக்கிடையே இரண்டடி இடைவெளி விடுங்கள், கீழ் ஓரடி இலைகளை நீக்குங்கள், உதிர்ந்ததைப் பொறுக்குங்கள். புள்ளி கண்டதும் மான்கோசெப் என்ற பூசணக்கொல்லி 2 கிராம் ஒரு லிட்டரில், பத்து நாள் இடைவெளியில் இரு முறை.

மணக்கும் என்று வாங்கினோம், மணமே இல்லை?

மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். வெயில் ஏறுமுன் பாதி விரிந்த பூவில் அது உச்சத்தில் இருக்கும். பத்து மணிக்குள் கடற்காற்று கொண்டுபோய்விடும். பூவை ஆறு, ஏழு மணிக்குப் பறித்து வீட்டுக்குள் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பூவே சிறுத்து ஒரே நாளில் விரிந்து போகும், மணமும் குறையும். அந்த மாதங்களில் மொட்டுகளைக் கிள்ளிவிட்டுச் செடிக்கு ஓய்வு கொடுப்பது மேல். தழைச்சத்தை அள்ளிப்போட்டால் இலை கொழுக்கும், மணம் கூடாது. மஞ்சள் வெளுப்பதும் வெயிலால்தான். பதினொரு மணி நிழல் அதற்கும் உதவும்.

தொட்டி இல்லாமல் தரையிலேயே நடலாமா?

தங்கச்சிமடம் பக்கத்து மணற்பாங்கில் மல்லிகை நாற்று செழிப்பதைப் பார்த்துக் கேட்பார்கள். மல்லிகைப் பதியன் அந்த மணலில் சில மாதம் வேர்விட்டு வெளியூர் போய்விடும். ரோஜா ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். கிணற்றுநீர் ஆண்டு முழுதும் 700-க்குள் இருந்தால் இரண்டடிக் குழி எடுத்து மேலே சொன்ன கலவையை நிரப்பி நடலாம். ராமநாதபுரம் நகரின் களிமண் பகுதிகளில் தரைக்கு மேல் ஓரடி உயர மேடை கட்டி நடுங்கள். குழியில் நட்டால் கார்த்திகையில் வேர் மூழ்கும். தெருவோரம் என்றால் முள்வேலி அவசியம். ரோஜா முள்ளுக்கு ஆடு அஞ்சாது.

ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தால்?

தொட்டிகளை வடக்குச் சுவரோரம் நிழலில் நெருக்கமாக வையுங்கள், மொட்டுகளைக் கிள்ளுங்கள், நன்றாகத் தண்ணீர் வடிய ஊற்றி மேலே ஈர மட்டை பரப்புங்கள். வாளியிலிருந்து பருத்தித் திரி இழுத்து மண்ணில் மூன்று அங்குலம் புதைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். வடிந்த உப்பையே செடி திரும்பக் குடிக்கும். பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பை விடுவதானால் எந்தக் குழாய்த் தண்ணீர் என்பதைக் காட்டிவிட்டுப் போங்கள்.